கையால் வண்ணம் தீட்டிய ஸ்னீக்கர்களைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேன்வாஸ் ஷூவிலும் லெதர் ஷூவிலும் அக்ரிலிக், போஸ்கா மார்க்கர் (பெயின்ட் பேனா), கிளிட்டர், கல் என்று பல நாள் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் கடைசிப் படத்தை இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். பிறகு "நேரில் இருந்தது படத்தில் இல்லையே" என்று வருந்துகிறார்கள். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களின் தொகுப்பு இது. எல்லாப் பதிலுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கடை விளம்பரத்தில் ஷூ தெரிந்தால் போதும். இங்கே ஷூவின் மேல் ஓடிய கை தெரிய வேண்டும்.

1. போன் போதுமா, இல்ல கேமரா வாங்கணுமா?

தொடங்குவதற்குப் போன் போதும். பணம் செலவழிப்பதானால் முதலில் ஒரு ட்ரைபாடும் கிரே கார்டும் (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை) வாங்குங்கள். கேமரா பிறகு. போனில் ப்ரோ மோடும் ரா கோப்பும் (போன் மெருகேற்றாத மூலப் பதிவு) இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். சாதாரண மோடில் போன் தானாகவே நிறத்தைக் கூட்டி, ஓரங்களைக் கூர்மையாக்கி, தூரிகைத் தடத்தை வழவழப்பாக்கிவிடும். வரைந்த பொருளுக்கு இந்த மூன்றுமே கெடுதல்.

கேமரா இருந்தால் முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) சென்சாருக்கு 85 முதல் 100 மி.மீ. லென்ஸ், அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 50 முதல் 60 மி.மீ. லென்ஸ் பொருந்தும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 8 முதல் எஃப் 11. ட்ரைபாடில் நிற்பதால் ஷட்டர் கால் நொடி ஆனாலும் கவலையில்லை. 2 நொடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

2. ஷூவோட முன்பக்கம் வீங்கி, பின்பக்கம் குட்டியா தெரியுது. லென்ஸ் கோளாறா?

லென்ஸில் கோளாறு இல்லை, நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள். ஷூவின் நீளம் சுமார் 30 செ.மீ. முனையிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் போனைப் பிடித்தால் குதிகால் 60 செ.மீ. தூரத்தில் இருக்கும். அதனால் முன்பக்கம் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிகிறது. 1.5 மீட்டர் பின்னால் போய் எடுத்தால் 150-க்கு 180, அதாவது 1.2 மடங்குதான். நீங்கள் வரைந்த வட்டம் வட்டமாகவே வரும்.

பின்னால் போய்ப் போனில் 2 அல்லது 3 மடங்கு ஜூம் லென்ஸுக்கு மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: வெளிச்சம் குறைந்தால் சில போன்கள் ஜூம் லென்ஸைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, முதன்மை லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கும். ஜூம் லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருளவில்லை என்றால் அதுதான் நடக்கிறது.

3. வீட்ல லைட் எதுவும் இல்ல. ஜன்னல் வெளிச்சத்துல எடுக்கலாமா?

தாராளமாக. நேர் வெயில் விழாத ஜன்னலுக்கு 1 மீட்டர் தள்ளி மேசையைப் போட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் வருமாறு ஷூவை வையுங்கள். ஜன்னலில் பழைய வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டினால் அருமையான டிஃப்யூசர். எதிர்ப்பக்கம் 30 முதல் 40 செ.மீ. தூரத்தில் ஒரு தெர்மகோல் பலகையை நிறுத்துங்கள், நிழல் பக்கம் நிரம்பும்.

அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் ஷூவின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் சாயும். பின்னால் அதைப் பிரித்துத் திருத்துவது பெரும்பாடு. சுவரையும் கவனியுங்கள். நம் வீடுகளில் பச்சை, ரோஸ் சுவர்கள் அதிகம். அந்த நிறம் வெள்ளை மிட்சோலில் (சோலின் பக்கவாட்டு விளிம்பு) அப்படியே படியும். அப்படிப்பட்ட சுவருக்கும் ஷூவுக்கும் இடையே தெர்மகோல் ஒன்றை மறைப்பாக வைத்தால் போதும்.

4. பெயின்ட் காஞ்ச உடனே எடுக்கலாமா? ஃபினிஷர் அடிச்ச பிறகா, அடிக்கிறதுக்கு முன்னாடியா?

அக்ரிலிக் காயும்போது சற்றுக் கருமையாகும். ஈரத்தில் எடுத்த படத்தின் நிறமும் முடிந்த ஷூவின் நிறமும் ஒத்துப்போகாது. ஒரு நாளாவது விடுங்கள்.

பளபள ஃபினிஷர் (பெயின்ட்டைக் காக்கும் மேல்பூச்சு) அடிப்பதாக இருந்தால் இரண்டு முறை எடுங்கள். நுணுக்கமான குளோசப்புகளை ஃபினிஷருக்கு முன், முழு ஷூவை அதன் பின். ஃபினிஷர் பூசியதும் கருநிறங்கள் ஆழமாகத் தெரியும், கூடவே கண்ணாடிபோல எதிரொளிப்பும் வரும். வாங்குபவரிடம் போய்ச் சேருவது ஃபினிஷர் பூசிய ஷூ. ஆகவே விற்பனைக்குக் காட்டும் முதன்மைப் படம் அதுவாகவே இருக்கட்டும். மேட் ஃபினிஷர் என்றால் இந்தச் சிக்கல் இல்லை, எல்லாவற்றையும் கடைசியிலேயே எடுக்கலாம்.

5. ஷூ தொளதொளன்னு சரியுது, நாக்கு உள்ள விழுது. எப்படி நிக்க வைக்கிறது?

மையில்லாத டிஷ்யூ பேப்பரையோ பழைய வெள்ளைப் பருத்தித் துணியையோ முன்முனை வரை நிரப்புங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை உள் துணியில் ஒட்டும். இறுக்கி அடைக்கவும் கூடாது. கேன்வாஸ் புடைத்தால் வளைவுகளில் பெயின்ட் மயிரிழையாக வெடிக்கும். மேல்தோல் சுருக்கமில்லாமல் நின்றால் போதும்.

நாக்குக்குப் பின்னால் தபால் அட்டைக் கனத்தில் 7×12 செ.மீ. துண்டு ஒன்றைச் செருகுங்கள். லேஸைக் கழற்றித் தேய்த்து, முறுக்கு விழாமல் பட்டையாகக் கோர்த்து, இரு நுனிகளையும் உள்ளே விடுங்கள். ஷூ ஆடினால் சோலுக்கு அடியில் பட்டாணி அளவு ஒட்டும் பசைக்களிம்பு வைக்கலாம். வரைந்த பரப்பில் மட்டும் எந்த டேப்பும் ஒட்டாதீர்கள், பிய்க்கும்போது பெயின்ட்டோடு வரும்.

6. பின்னணிக்கு என்ன போடலாம்? செங்கல் சுவர், மரப்பலகை நல்லா இருக்குமா?

ஷூவில் ஏற்கெனவே பத்து நிறம் இருக்கிறது. பின்னணியும் பேச ஆரம்பித்தால் இரண்டுமே கேட்காது. பளபளப்பில்லாத நடுத்தரச் சாம்பல்தான் எங்கள் முதல் தேர்வு. வெள்ளை மிட்சோலும் கறுப்பு வெளிக்கோடும் அதில் ஒன்றுபோலத் தெளிவாக நிற்கும், வொயிட் பேலன்ஸைச் (வெளிச்சத்துக்கேற்ற நிறச் சமன்) சரிபார்க்கவும் உதவும்.

ஸ்டேஷனரி கடை சார்ட் பேப்பர் சுமார் 56×71 செ.மீ. அதை மேசையிலிருந்து சுவருக்கு மடிப்பு விழாமல் வளைத்துவிட்டால் ஒற்றை ஷூவுக்குப் போதும். ஜோடிக்குப் போதாது, இரண்டு தாளை ஒட்டினால் கோடு தெரியும். 1 மீட்டர் அகல மேட் வினைல் ஷீட் வாங்கிக்கொள்ளுங்கள். வண்ணப் பின்னணிதான் வேண்டும் என்றால், பின்சுவர் மட்டும் வண்ணமாகவும் ஷூ நிற்கும் தரை சாம்பலாகவும் இருக்கட்டும். இல்லையென்றால் 3-இல் சொன்ன சுவர் நிறத்தைப் போலத் தரை நிறம் மிட்சோலில் ஏறும்.

7. எத்தனை கோணம் எடுக்கணும்?

அது எந்த மாடல் என்பதைப் பொறுத்தது. கான்வர்ஸ் சக் டெய்லர் உயர்கழுத்து ஷூவில் வட்டச் சின்னம் கணுக்காலின் உட்பக்கம் இருக்கிறது. வெளிப்பக்கம் வெறும் துணி, பெரும்பாலானோர் முக்கிய ஓவியத்தை அங்கேதான் வரைகிறார்கள். எனவே வெளிப்பக்க நேர்தோற்றம்தான் முதன்மைப் படம். வான்ஸ் ஸ்லிப்-ஆனில் லேஸ் கிடையாது, கால்மேல் பகுதி முழுவதும் விரிந்த கேன்வாஸ். அதைப் பக்கத்திலிருந்து எடுத்தால் ஓவியம் கோடாகிவிடும், 45 டிகிரி மேலிருந்து எடுக்க வேண்டும். 1982-இல் வந்த நைக்கி ஏர் ஃபோர்ஸ் 1 போன்ற லெதர் ஷூ பல துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தைக்கப்பட்டது. நிறம் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும் இடங்களைக் குளோசப்பில் காட்டினால்தான் வேலையின் சுத்தம் புரியும்.

முழுப் பதிவு என்றால் வெளிப்பக்கம், உட்பக்கம், முக்கால் தோற்றம், மேலிருந்து, குதிகால், ஜோடி, மூன்று நான்கு குளோசப். நேர்தோற்றத்தில் கேமரா ஷூவின் பாதி உயரத்தில் இருக்கட்டும், ட்ரைபாடைத் தாழ்த்துங்கள். நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

8. நேர்ல இருக்கிற நிறம் படத்துல வரவே மாட்டேங்குது. என்ன பண்ணாலும் வேற மாதிரி இருக்கு.

அதிகம் வரும் கேள்வி இதுதான், காரணமும் பல. முதலாவது, தானியங்கி வொயிட் பேலன்ஸ். ஷூ முழுக்க ஆரஞ்சு என்றால் வெளிச்சமே மஞ்சளாக இருப்பதாகக் கேமரா நினைத்து நீலத்தை ஏற்றிவிடும். ஷூ இருக்கும் இடத்தில், அதே வெளிச்சத்தில் கிரே கார்டை வைத்து ஒரு படம் எடுத்து, அதை வைத்து வொயிட் பேலன்ஸைப் பூட்டுங்கள். கார்டுக்குப் பதில் ஏ4 தாள் வைக்காதீர்கள். அதில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் சற்று நீலமாக ஒளிரும், அதை நம்பினால் படம் மஞ்சளாகும். ஜன்னல் வெளிச்சம் மேகத்துக்கு மேகம் மாறும் என்பதால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கார்டை மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விளக்கு. மலிவு எல்இடியில் சில நிறக்கதிர்களே குறைவு. பெட்டியில் சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற மதிப்பு) 95-க்கு மேல் என்று இருக்க வேண்டும். சிவப்பைக் குறிக்கும் ஆர்9 மதிப்பும் 90-ஐ ஒட்டி இருந்தால் குங்குமச் சிவப்பு பழுப்பாகாது. ஊதா மட்டும் எல்லாம் சரியாக இருந்தும் நீலமாகச் சாயும். சென்சார் நிறத்தைப் பிரிக்கும் விதம் கண்ணைப் போன்றதல்ல. 24 கட்ட கலர் செக்கர் அட்டையை ஒரு படத்தில் சேர்த்து, அந்த வெளிச்சத்துக்கென்று ஒரு ப்ரொஃபைல் (நிறத் திருத்தக் கோப்பு) செய்துகொண்டால் பெருமளவு சரியாகும்.

மூன்றாவது, திரை. போன் திரை 'விவிட்' நிலையில் இருந்தால் நீங்கள் பார்ப்பதே பொய். அதை இயல்பு நிலைக்கு மாற்றிவிட்டு, படம் எடுத்த அதே வெளிச்சத்தில் ஷூவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரவில் மஞ்சள் பல்பின் கீழ் ஒப்பிட்டுத் திருத்திய நிறம் காலையில் தவறாகவே இருக்கும்.

9. நியான் பிங்க், நியான் பச்சை மட்டும் தட்டையா, விவரமே இல்லாம வருது.

நியான் பெயின்ட் தன்மேல் விழும் புறஊதாக் கதிரையும் நீல ஒளியையும் வாங்கித் தன் நிறத்தில் திருப்பி வீசுகிறது. அதனால் பக்கத்து நிறங்களைவிட அதிகம் ஒளிர்கிறது. மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவல் வரைபடம்) ஒழுங்காகத் தெரிந்தாலும் சிவப்பு அல்லது பச்சை சேனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். தனித்தனிச் சேனல்களைப் பாருங்கள். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி, கூட்டினால் இரு மடங்கு) குறைத்து ராவில் எடுத்து, மற்றவற்றைப் பிறகு தூக்குங்கள். எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற வரம்பு கொண்ட திரையில் நியானின் முழு வீச்சு வராது. சாச்சுரேஷனை ஏற்றினால் விவரம்தான் போகும். சுற்றியுள்ள நிறங்களை அடக்குவது நல்ல வழி.

இருட்டில் ஒளிரும் தோற்றத்துக்கு 365 நானோமீட்டர் யூவி விளக்கு வாங்குங்கள். 395 விளக்கு மலிவு, ஆனால் அதன் சொந்த ஊதா படமெங்கும் படியும். இருட்டறை, ட்ரைபாட், ஐஎஸ்ஓ 400, 1 முதல் 2 நொடி. விளக்கை நேராகப் பார்க்காதீர்கள்.

10. ஃபினிஷர் அடிச்ச இடமெல்லாம் வெள்ளைத் திட்டா அடிக்குது.

அந்தத் திட்டு உங்கள் விளக்கின் பிம்பம். விளக்கை நகர்த்தினால் திட்டும் நகரும். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கை ஷூவின் பக்கவாட்டுக்கும் சற்றுப் பின்னாலும் கொண்டுபோங்கள், திட்டு ஓவியத்தைவிட்டு ஓரத்துக்கு ஓடும். 60×60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸை 60 செ.மீ. தூரத்தில் வைத்தால் மீதியிருப்பதும் மென்மையாகும்.

அதற்குப் பிறகும் நின்றால் சுழல் போலரைசர் ஃபில்டர். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும். பரப்பைச் சாய்வாக, 30 முதல் 40 டிகிரியில் பார்க்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். நேராகப் பார்க்கும் பரப்பில் பயன் குறைவு. போனில் போலரைஸ்டு கூலிங்கிளாஸை லென்ஸுக்கு முன் பிடித்துச் சுழற்றினாலும் பலன் தெரியும், கண்ணாடியின் சாயத்தை 8-இல் சொன்ன கிரே கார்டால் சரிசெய்யலாம். விளக்கிலும் போலரைசர் ஷீட் மாட்டி லென்ஸ் ஃபில்டரை அதற்குக் குறுக்கே திருப்பினால் எதிரொளிப்பு அடியோடு போகும். ஆனால் தங்க, வெள்ளி மெட்டாலிக் பெயின்ட்டில் அப்படிச் செய்யாதீர்கள். உலோகத் துகளின் மினுக்கும் அதோடு அணைந்து மண்ணிறமாகிவிடும். லெதர் ஷூவில் மெல்லிய ஒளிக்கோடு ஒன்றை விட்டுவைப்பதும் நல்லது. வளைவு புரிவதே அதனால்தான்.

11. கிளிட்டரும் கல்லும் சாம்பல் தூள் மாதிரி தெரியுது.

மேலே சொன்னதற்கு நேர் எதிரான சிக்கல். பரந்த மென்வெளிச்சத்தில் கிளிட்டர் மினுங்காது, அதற்குச் சின்னஞ்சிறு கடுமையான ஒளி வேண்டும். மென்வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். கேமராவை அசைக்காமல் அறையை இருட்டாக்கி, 1 மீட்டர் தூரத்திலிருந்து சிறிய டார்ச்சை வெவ்வேறு கோணத்தில் அடித்து ஐந்தாறு படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு துகள் மின்னும். எடிட்டிங்கில் இவற்றை 'லைட்டன்' முறையில் அடுக்கினால் நேரில் ஷூவை அசைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் மினுக்கு ஒரே படத்தில் வரும்.

12. ரெண்டு வாரம் உக்காந்து வரைஞ்சது, படத்துல பிரிண்ட் பண்ணுன ஷூ மாதிரி இருக்கு.

இந்த ஒரு குறைக்காகவே மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளலாம். கையால் வரைந்ததற்குச் சாட்சி பெயின்ட்டின் மேடுபள்ளம். நேர்வெளிச்சமோ நாலாபுறமும் வரும் வெளிச்சமோ அதை அழித்துவிடும். லைட் பாக்ஸ் எனப்படும் வெள்ளைப் பெட்டிகளை நாங்கள் பரிந்துரைக்காததும் அதனால்தான்.

குளோசப்புக்கு விளக்கைப் பரப்போடு ஒட்டி, 15 முதல் 20 டிகிரி சாய்வில் அடியுங்கள். எதிர்ப்பக்கத் தெர்மகோலை எடுத்துவிடுங்கள் அல்லது தூரத் தள்ளுங்கள். தூரிகை ஓடிய திசைக்குக் குறுக்காக ஒளி வந்தால் தடம் நன்றாக எழும். பஃப் பெயின்ட் (புடைத்து நிற்கும் பெயின்ட்), எம்ப்ராய்டரி, ஒட்டிய மணி எல்லாவற்றுக்கும் இதே வழி. இந்த ஒளி தூசியையும் பசைக் கசிவையும் சேர்த்தே காட்டும். முதலில் காற்றூதியால் ஊதி, மென்தூரிகையால் தட்டிவிடுங்கள்.

13. வெள்ளை ஷூவோட ஓரம் பின்னணியில கரையுது. கறுப்பு ஷூ சாம்பலா வருது.

கேமரா எதையும் நடுச்சாம்பலாக்கவே பார்க்கும். கறுப்பு ஷூவுக்கு எக்ஸ்போஷரை 1 ஸ்டாப் குறையுங்கள், வெள்ளைக்கு 1 ஸ்டாப் கூட்டுங்கள். வெள்ளை ஷூவின் இருபுறமும் படச்சட்டத்துக்குச் சற்று வெளியே 10 செ.மீ. அகலக் கறுப்பு அட்டைகளை நிறுத்தினால் ஓரத்தில் மெல்லிய இருள்கோடு கிடைக்கும். பின்னணியின் வெளிச்ச மதிப்பு 255-ஐத் (முழு வெள்ளை) தொட வேண்டாம், 240-ஐ ஒட்டி நிற்கட்டும். கறுப்பு ஷூவுக்குப் பின்னாலிருந்து மேலோரத்தைத் தொடும் ஒரு விளக்கு.

14. முன்னாடி ஷார்ப்பா இருக்கு, குதிகால் மங்குது.

100 மி.மீ. லென்ஸ், எஃப் 11, 1.2 மீட்டர் தூரம் என்றால் முழுச்சட்டக் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 9 செ.மீ. பக்கவாட்டுத் தோற்றத்துக்கு அது போதும். முக்கால் தோற்றத்தில் ஷூ 25 செ.மீ. ஆழம் போகிறது, அதற்குப் போதாது. எஃப் 22-க்கு மூடினால் சிறு துளையில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) மொத்தப் படமும் மென்மையாகும்.

ஃபோகஸ் ஸ்டாக்கிங்தான் தீர்வு. எஃப் 8-இல், முன்முனையிலிருந்து குதிகால் வரை ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி 8 முதல் 12 படம் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ் அல்லது ஃபோட்டோஷாப்பில் இணையுங்கள். எக்ஸ்போஷரும் வொயிட் பேலன்ஸும் பூட்டியிருக்க வேண்டும். போனில் சென்சார் சிறியது என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

15. படத்துல பட்டை பட்டையா கோடு வருது. கேன்வாஸ்ல அலை மாதிரியும் தெரியுது.

இரண்டும் வேறு வேறு. பட்டை விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டரை 1/50 நொடி அல்லது 1/100 நொடிக்கு வைத்து, சத்தமில்லா எலக்ட்ரானிக் ஷட்டரை அணையுங்கள். அலை என்பது மொய்ரே, துணியின் நெசவும் சென்சாரின் கட்டமும் மோதுவதால் வருவது. முதலில் 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், திரையில் சுருக்கியதால் மட்டும் வந்த அலை மறைந்துவிடும். மறையாவிட்டால் கேமராவை 10 செ.மீ. முன்பின் நகர்த்துங்கள் அல்லது ஷூவைச் சில டிகிரி திருப்புங்கள்.

16. டிசைன் ஷூவைச் சுத்தி ஓடுது. ஒரே படத்துல எப்படிக் காட்டுறது?

ஒரே படத்தில் முடியாது, தொடராகக் காட்டலாம். கேக் அலங்கரிக்கும் சுழல்தட்டில் ஷூவை வைத்து 15 டிகிரிக்கு ஒன்றாக 24 படம் எடுத்தால் சுழலும் காட்சி செய்யலாம். தட்டின் விளிம்பில் முன்பே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அச்சுக்கு என்றால் வெளிப்பக்கம், குதிகால், உட்பக்கம், முன்முனை என்று நான்கைப் பக்கம் பக்கமாக ஒரே அளவில் அடுக்குங்கள்.

இரண்டு ஷூவும் சேர்ந்தால் முழுமையாகும் ஓவியம் என்றால் சேரும் கோட்டுக்கு நேர் மேலிருந்தோ நேர் எதிரிலிருந்தோ எடுங்கள். ட்ரைபாடின் குறுக்குக் கையில் கேமரா தொங்கும்போது மறுமுனையில் எடை கட்ட மறக்க வேண்டாம்.

17. எவ்வளவு எடிட் பண்ணலாம்?

தூசி, நூல்பிசிறு, பின்னணிக் கறை, ஷூவைத் தாங்கிய பசைக்களிம்பு ஆகியவற்றை நீக்கலாம். கோடு சற்று வழிந்த இடம், நிறம் தாண்டிய இடம் ஆகியவற்றை நீக்கக் கூடாது. அது ஷூவில் இருக்கிறது, வாங்குபவர் கையில் அது போய்ச் சேரும். படத்தில் திருத்துவதைவிட மெல்லிய தூரிகையை எடுத்து ஷூவிலேயே திருத்துங்கள்.

18. கண்காட்சிக்கு அனுப்ப, ஏ3 பிரிண்ட் போட எந்த அளவு வேணும்?

ஏ3-க்கு 300 டிபிஐ கணக்கில் 4960×3508 பிக்சல். 12 மெகாபிக்சல் போன் படம் 4000 பிக்சல் நீளம், அது 240 டிபிஐ அளவுக்கு வரும். சுவரில் மாட்டிப் பார்க்க அது போதும். இணையத்துக்கு நீளப் பக்கம் 3000 பிக்சல், எஸ்ஆர்ஜிபி, ஜேபெக். ரா கோப்புகளைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.

ஷூ படத்தைக் கலைக் கண்காட்சிக்கு அனுப்பலாமா என்று தயங்குபவர்களுக்கு: டொரண்டோவின் பாட்டா ஷூ மியூசியம் 2013-இல் ஸ்னீக்கர்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. 2015-இல் அது நியூயார்க்கின் புரூக்ளின் மியூசியத்துக்கும் போனது. தயங்காமல் அனுப்புங்கள்.

19. நான் வரைஞ்சேன், நண்பர் படம் எடுத்தார். படம் யாருக்குச் சொந்தம்?

இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் முதல் உரிமை பொதுவாக எடுத்தவருக்கு. நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, உங்களுக்கு. நட்பில் இலவசமாக எடுத்தவை முதல் வகை. எங்கெங்கே பயன்படுத்தலாம், யார் பெயரை எப்படிப் போடுவது என்பதைப் படம் எடுக்கும் அன்றே ஒரு செய்தியாக எழுதி அனுப்பி, அவர் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓவியத்தின் உரிமை தனி. அது உங்கள் சொந்தக் கற்பனையாக இருக்கும்வரை உங்களிடமே இருக்கும்.